கல்யாணக் காரின் பசையும் இடது பின்கதவும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு தகரக் கொட்டகையில் வாகனங்களுக்கு ரிங்கரிங் (அடிபட்ட தகட்டை நிமிர்த்துவது), பெயின்ற் வேலை செய்கிறோம். நான் பெயின்ற் பக்கம். என்னிடம் ஒரு பெடியன் வேலை பழகுகிறான். 2023 புரட்டாதியில் எங்களிடம் வந்த ஒரு காரில் நடந்ததை, நாங்கள் பிழைவிட்ட இடத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே வேலை செய்பவர்களுக்கும், வீட்டில் தாங்களே கார் துடைப்பவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

கார் ஒரு கடும் நீல மெட்டாலிக் ரொயோட்டா அக்சியோ. சொந்தக்காரர் துணுக்காய்ப் பக்கம் படிப்பிக்கும் ஒரு ரீச்சர். அந்தக் கார் இல்லாவிட்டால் அவருக்குப் பள்ளிக்கூடம் போய்வருவதே பெரும்பாடு. அப்போது வேறு கார் மாற்றுவதும் இலேசில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் அந்த வருடங்களில் வன்னியில் எல்லோரும் இருக்கிற வாகனத்தையே பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

ஆவணியில் ரீச்சரின் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் காராக இதையே சோடித்தார்கள். பொனட்டில் துணிப்பூக்களை இரட்டைப் பக்கப் பஞ்சு ரேப்பால் ஒட்டினார்கள். நான்கு கதவுகளிலும் மணமக்கள் பெயரின் முதலெழுத்துகளை ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டினார்கள். கல்யாணம் முடிந்த இரவு பூக்களைப் பிய்த்தார்கள். பஞ்சும் பசையும் காரிலேயே நின்றுவிட்டன. பிறகு எடுக்கலாம் என்று விட்டதில் இருபத்தாறு நாள் போய்விட்டது.

அந்த மாதங்களில் இங்கே மழை இல்லை. சோளகக் காற்று கிரவல் தூசியை அள்ளிக்கொண்டு வரும். கடும் நிறப் பொனட் மத்தியானத்தில் கை வைக்க முடியாதபடி சுடும். வெயில் பட்ட பசை முதலில் இளகிப் பெயின்ற்றோடு நன்றாகப் படியும், பிறகு காய்ந்து இறுகும். இளகியிருந்த நேரத்தில் ஒட்டிய தூசியும் அதற்குள்ளேயே அடைபட்டுவிடும். ஆகவே பசையைத் தேய்க்கிறவர் உண்மையில் தூசியாலேயே பெயின்ற்றைத் தேய்க்கிறார். இந்தக் காரில் அதுதான் முதலில் நடந்தது. ரீச்சரின் பெறாமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவி செய்ய நினைத்து, சமையலறைக் கத்தியால் பஞ்சைச் சுரண்டி, பெற்றோல் நனைத்த துணியாலும் சட்டி தேய்க்கும் பச்சை நாராலும் பொனட்டைத் தேய்த்திருந்தான். கீறல் தெரிந்ததும் பயந்து நிறுத்திவிட்டான். அப்போதாவது நிறுத்தினானே என்பது எனக்கு இன்றைக்கும் ஆறுதல். முற்றத்தில் விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது பெற்றோலைத் திறந்து வைத்துத் தேய்த்திருக்கிறான். பெற்றோல் ஆவி குளிரிலும் பற்றும். அதைத் துணியில் ஊற்றித் துடைக்கும் பழக்கத்தை எல்லா வீட்டிலும் விட்டுவிட வேண்டும்.

முதல் நாள் பார்த்தவை

காரைக் கழுவாமல் எதையும் தொடவில்லை. முதலில் வெறும் தண்ணீரைப் பாய்ச்சி மணலை இறக்கினோம். பிறகு இரண்டு வாளி வைத்து, ஒன்றில் சவர்க்காரத் தண்ணீரும் மற்றதில் துணி அலசத் தண்ணீருமாகக் கழுவினோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும். அதனால் நிழலில் வைத்து உடனே துவாயால் ஒற்றி எடுத்தோம்.

பொனட்டில் பதினொரு இடத்தில் பஞ்சு ரேப்பின் மிச்சம் இருந்தது. சில இடங்களில் பஞ்சு போய் மஞ்சள் பசை மட்டும் நின்றது. நடுவில் இரண்டு சாண் அகலத்துக்குப் பச்சை நாரால் வந்த மங்கல். அதற்குள் ஏழு கத்திக் கீறல்கள்.

கீறலின் ஆழம் பார்க்க இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன. தண்ணீர் தடவும்போது கீறல் மறைந்தால் அது நிறத்துக்கு மேலே அடித்திருக்கும் நிறமற்ற படையான கிளியருக்குள் நிற்கிறது. நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது தட்டுப்பட்டால் ஆழம் கூட. ஏழில் நான்கு தண்ணீரில் மறைந்தன. இரண்டில் நகம் இலேசாகத் தட்டியது. ஒன்று பெருவிரல் நீளத்துக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அங்கே நிறமும் போய், அதற்கு அடியிலுள்ள படையான பிரைமர் வெளியே வந்துவிட்டது.

தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் எல்லாப் படையும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புத்தான். போட்டோகொப்பி எடுக்கும் சாதாரணத் தாள் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரோன். அந்தத் தாளளவு பெயின்ற்றில் மேலே இருக்கும் கிளியர் 35 முதல் 50 மைக்ரோன். வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கும் பொருளும் அந்தக் கிளியரில்தான் இருக்கிறது. மினுக்குவது என்று நாம் சொல்லும் எந்த வேலையும் அதிலிருந்து கொஞ்சத்தை எடுத்துத்தான் நடக்கிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இந்த முழு வேலையிலும் நாங்கள் எடுத்த முடிவுகளுக்கு அடிப்படை இதுதான். பிழைவிட்ட இடத்திலும் இதைத்தான் மறந்தோம்.

இன்னொன்றையும் அன்றைக்கே பார்த்தேன். இடது பின்கதவின் ரப்பர் பீடிங்கின் உள் ஓரத்தில் மெல்லிய நீலத் தூவல் இருந்தது. பக்கத்தில் வெளிச்சம் பிடித்துப் பார்க்கும்போது அந்தக் கதவின் மேற்பரப்பு மற்றக் கதவுகளைப் போல இல்லை, தோடம்பழத் தோல் மாதிரி இருந்தது. கேட்டதற்கு ரீச்சர், "வாங்கேக்க ஒரிஜினல் பெயின்ற் எண்டுதான் சொன்னவை" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் தருவதாகச் சொல்லிக் காரை எடுத்துக்கொண்டோம்.

பஞ்சு ரேப்பை எடுத்தது

எது மிக மென்மையானதோ அதில் தொடங்குவது, அது போதாது என்று தெரிந்த பிறகே அடுத்ததுக்குப் போவது என்று தீர்மானித்தோம். எங்களிடம் ஹீட் கன் இருந்தது. அது முந்நூறு பாகைக்கு மேல் போகும், ஒரே இடத்தில் நின்றால் கிளியர் கொப்பளிக்கும் என்பதால் எடுக்கவில்லை. பக்கத்துச் சலூனில் தலைமயிர் காயவைக்கும் டிரையரை இரவல் வாங்கினோம். உள்ளங்கையை வைத்தால் பொறுக்கக்கூடிய சூடு வரைக்கும்தான் பிடித்தோம்.

பசை இளகியதும் தங்கூசி நூலை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, பஞ்சுக்கும் பெயின்ற்றுக்கும் இடையில் விட்டு வாள் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்தோம். முல்லைத்தீவுக் கரையில் வலை வேலைக்கு வாங்கும் அதே நூல்தான். நூல் பசைக்குள்ளேயே ஓடும், பெயின்ற்றில் கீறாது. பஞ்சு முழுதாகக் கழன்று வந்தது. அரை மணித்தியாலத்தில் பதினொரு இடமும் முடிந்தது.

பிறகு மண்ணெண்ணெய் நனைத்த பழைய பருத்தித் துணியை மிஞ்சிய பசை மேல் பத்து நிமிடம் போர்த்தி வைத்தோம். தேய்க்கவில்லை. அந்த மலிவு ரேப்பின் பசை ரப்பர் வகை. மண்ணெண்ணெயைக் குடித்து ஊதிவிடும். ஊதியதைப் பெருவிரலால் தள்ளும்போது திரிதிரியாக உருண்டு வந்தது. வராத இடத்தில் மறுபடி பத்து நிமிடம் துணியைப் போட்டோம். தேங்காயெண்ணெயும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மணிக்கணக்காகும். வீட்டில் செய்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன், ஆபத்து இல்லை. கடைசியாகச் சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினோம்.

இந்த வேலையில் பொனட்டில் புதிதாக ஒரு கீறல்கூட விழவில்லை.

கதவில் நடந்தது

மறுநாள் கதவு எழுத்துகள். ஸ்டிக்கரைச் சூடாக்கி, முனையைக் கிளப்பி, பின்னோக்கி மடித்து மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் பசையோடு சேர்ந்தே வரும். வெயிலில் நின்று விறைத்துப்போன ஸ்டிக்கர் இது. துண்டுதுண்டாகத்தான் வந்தது. பசை கண்ணாடிப் படலம் போலக் கதவில் நின்றது. மண்ணெண்ணெய் போட்டும் அசையவில்லை. ஸ்டிக்கர்ப் பசை பொதுவாக அக்ரிலிக் வகை. ரப்பர்ப் பசையைப் போல மண்ணெண்ணெய்க்கு இலகுவில் ஊதாது.

வலது முன்கதவின் உள் விளிம்பில், பெயின்ற் கரைக்கும் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை வைத்துப் பார்த்தேன். நிறம் வரவில்லை. தொழிற்சாலைப் பெயின்ற் ஏறக்குறைய 140 பாகையில் சூளையில் இறுகியது. கொஞ்ச நேரம் தின்னர் பட்டால் கரையாது. அந்த ஒரு கதவைப் பார்த்துவிட்டு, "தின்னரைத் துணியில தொட்டு, ஒருக்கா இழுத்து எடு, ஊறவிடாத" என்று பெடியனிடம் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனேன். வலது பக்கம் இரண்டு கதவும் இடது முன்கதவும் நன்றாக வந்தன. இடது பின்கதவில் அவன் துணியை இழுத்ததும் துணி நீலமானது. பசைதான் வருகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு தரம் இழுத்திருக்கிறான். கூப்பிட்டு ஓடிப் போனபோது உள்ளங்கையளவு இடம் பசபசவென்று மங்கியிருந்தது.

அந்தக் கதவை முந்தி யாரோ என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ற்றால் அடித்திருக்கிறார்கள். என்.சி. காற்றில் காய்வது, இறுக்கும் கெமிக்கல் கலப்பதில்லை. காய்ந்து எத்தனை வருடமானாலும் தின்னர் பட்டால் மறுபடி கரையும். பீடிங் ஓரத்து நீலத் தூவலும் தோடம்பழத் தோலும் முதல் நாளே அதைத்தான் காட்டின. நான்கு கதவையும் ஒரே கதவாக நினைத்தது என் பிழை. பெடியன் சொன்னபடிதான் செய்தான். அவனுக்கு முன்னாலேயே இதைச் சொன்னேன். பழகுகிற வயதில் தன்மேல் இல்லாத பிழையைச் சுமக்க விட்டால், அடுத்த தரம் நடந்ததை மறைக்கப் பார்ப்பான்.

அன்று பின்னேரமே ரீச்சருக்கு அழைப்பு எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணை, மறைக்காமல் சொன்னதுக்கு நன்றி. எனக்குக் கார் எப்ப வேணுமெண்டு மட்டும் உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். கதவுச் செலவு எங்களுடையது என்றேன். அடுத்த நாட்களில் அவர் பஸ்ஸில்தான் போனார். அது இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கதவுக்கு என்ன செய்வது

தின்னர் முழுதும் ஆவியாகட்டும் என்று இரண்டு நாள் அந்த இடத்தைத் தொடவில்லை. ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பெயின்ற் இழுபட்டு இன்னும் கெடும். காய்ந்த என்.சி.யை மினுக்கும் பசையான கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு ஓரளவு திரும்பும். ஓரங்களில் திரும்பியது. நடுவில் பிரைமர் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டோம்.

மேலே 2K பெயின்ற், அதாவது இறுக்கும் கெமிக்கல் கலந்து அடிக்கும் பெயின்ற், அடிப்பதுதான் அடுத்த வழி. என்.சி.யின் மேலேயே அடித்தால் 2K இல் உள்ள தின்னர் கீழே இருக்கும் என்.சி.யைக் கிளப்பிச் சுருக்கிவிடும். அதனால் கதவின் வெளிப்புறத்தைத் தகடு வரைக்கும் உரித்தோம். கீழ் ஓரத்தில் பள்ளம் நிரப்பும் பழைய பட்டி இருந்தது. முந்தி அடிபட்ட கதவு என்பது அங்கேதான் உறுதியானது. 2K பிரைமர், பிறகு நிறம், பிறகு கிளியர். காரின் விபரத் தகட்டில் இருந்த வண்ண எண்ணைக் கொடுத்து வவுனியாவில் நிறம் கலந்து எடுத்தோம். பத்து வருடம் வெயிலில் நின்ற காரில் எண் மட்டும் போதாது. மூன்று அட்டைகளில் அடித்து, வெயிலில் காரோடு பிடித்துப் பார்த்துத்தான் ஒன்றை எடுத்தோம்.

பக்கத்துக் கதவுக்குள் நிறத்தைக் கரைத்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. அதற்கு இடது முன்கதவு முழுவதையும் வோட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் அரத்தாள்) மங்கவைத்து மேலே புதுக் கிளியர் அடிக்க வேண்டும். அது நல்ல தொழிற்சாலைப் பெயின்ற். ஒரு சாய்ந்த பார்வையில் மட்டும் தெரியும் வித்தியாசத்துக்காக அதைத் தொடக்கூடாது என்று நினைத்தேன். ரீச்சரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சம்மதித்த பிறகு அப்படியே விட்டோம்.

பொனட்டின் கீறல்கள்

கதவு காய்ந்துகொண்டிருந்தபோது வவுனியாவில் இருக்கும் ஒரு தொழில் நண்பரிடம் பெயின்ற் தடிப்பு அளக்கும் மீற்றரை இரவல் வாங்கினேன். பொனட்டில் 104 முதல் 115 மைக்ரோன். மற்ற மூன்று கதவுகளும் ஏறக்குறைய அதே அளவு. இடது பின்கதவைத் தொடுவதற்கு முன் இந்த மீற்றரைப் பிடித்திருந்தால், அதன் தடிப்பு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பொனட்டை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெயை எடுத்தோம். எண்ணெய் கீறலுக்குள் நின்றால் கீறல் போய்விட்டது போலத் தெரியும், இரண்டு தரம் கழுவியதும் திரும்பி வரும். பிறகு ஓர் உள்ளங்கை இடத்தில் மட்டும் சோதித்தோம். மினுக்கும் மெஷினில் ஸ்பொஞ்ச் பாட், குறைந்த வேகம், மென்மையான கொம்பவுண்ட். பச்சை நாரின் மங்கல் இரண்டு ஓட்டத்தில் மறைந்தது. அதனால் அந்த இரண்டு சாண் இடத்துக்கும் வோட்டர் பேப்பர் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பொனட்டின் விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பெயின்ற் மெல்லிசு, பாட் அங்கேதான் முதலில் தின்னும். இரண்டையும் ரேப்பால் மறைத்துவிட்டுத்தான் மெஷினைப் போட்டோம்.

தண்ணீரில் மறைந்த நான்கு கீறல்களுக்கும் மிக நைசான 3000 நம்பர் வோட்டர் பேப்பர், சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, கீறலுக்குச் சாய்வாகப் பத்துப் பன்னிரண்டு இழுவை. பிறகு கொம்பவுண்ட், பிறகு பொலிஷ். மூன்று முற்றாகப் போயின, ஒன்று மெல்லிய மயிரிழையாக நின்றது.

நகம் தட்டிய இரண்டையும் விட்டுவிட்டோம். ஓரங்களை மட்டும் கொம்பவுண்டால் மழுக்கினோம், அதனால் வெளிச்சம் பிடிப்பது குறைந்தது. ரீச்சர் பார்க்க வந்தபோது, "முழுக்க எடுக்க ஏலாதோ?" என்று கேட்டார்.

"ஏலும் ரீச்சர். ஆனா கீறலின்ர அடிமட்டத்துக்குச் சுத்திவர எல்லாத்தையும் இறக்கோணும். அந்த இடத்தில கிளியர் முடிஞ்சுபோம். பிறகு இந்த வெயிலுக்கு நிறம் வெளிறி, கிளியர் தோல் தோலா உரியும்."

"அப்ப விடுங்கோ," என்றார்.

பிரைமர் தெரிந்த கீறலில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பல்லுக்குத்தும் குச்சி முனையால் நிறத்தை மெல்லிய படையாக மூன்று தரம் வைத்தோம், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மேலே இரண்டு தரம் கிளியர். அது பக்கத்துப் பெயின்ற்றைவிட இம்மியளவு உயர்ந்து நின்றது. தேய்த்துச் சமப்படுத்தினால் சுற்றியுள்ள கிளியரும் போகும், அதனால் அப்படியே விட்டோம்.

வேலை முடிந்து அளந்தபோது மினுக்கிய இடங்களில் 4 முதல் 6 மைக்ரோன் குறைந்திருந்தது. மீற்றர் எல்லாப் படையையும் சேர்த்துத்தான் காட்டும், ஆனால் குறைந்தது முழுவதும் கிளியரில்தான். இதை ரீச்சரின் கணக்குப் புத்தகத்தில் திகதியோடு எழுதிக் கொடுத்தேன். அடுத்த தரம் வேறு யார் அந்தப் பொனட்டில் கை வைத்தாலும் ஏற்கெனவே எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இரண்டு நாள் என்று சொன்ன கார் ஒன்பதாம் நாள்தான் போனது.

பின்னர்

மாரி முடிந்து தையில் கார் வந்தது. கதவில் சுருக்கமோ கொப்பளமோ இல்லை. நிற வித்தியாசம் பின்னேர வெயிலில், முன்பக்கம் நின்று பார்த்தால் மட்டும் தெரிகிறது. தொட்டு வைத்த கீறல் கொஞ்சம் தாழ்ந்து சமமாகியிருந்தது. துரு இல்லை. விட்ட இரண்டு கீறல்களும் அப்படியே இருக்கின்றன, பெரிதாகவில்லை. ஆனால் பொனட்டில் புதிதாக மெல்லிய வட்டக் கீறல்கள். விசாரித்தால், காலையில் பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் கிரவல் தூசியைக் காய்ந்த துணியால் தட்டியிருக்கிறார். அதை நாங்கள் மினுக்கவில்லை. முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் துடைக்கும்படி சொல்லி அனுப்பினோம்.

எங்கள் வேலையில் மாற்றியவை

இப்போது வரும் ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு கதவையும், பொனட்டையும், டிக்கியையும் தனித்தனியாக மறைவான இடத்தில் சோதிக்கிறோம். வெள்ளைத் துணி, ஒரு சொட்டுத் தின்னர், ஒரு தொடுகை. நிறம் வந்தால் அந்தக் கதவில் சுண்ணாம்பால் குறி. சொந்தக்காரர் ஒரிஜினல் என்று சொன்னாலும் இது நடக்கும். அவருக்கும் யாரோ சொன்னதுதானே. தடிப்பு மீற்றரைச் சொந்தமாக வாங்கினோம். பம்பர் பிளாஸ்டிக், அதில் இந்த மீற்றர் வேலை செய்யாது. அங்கே துணிச் சோதனையோடும் கண்ணோடும்தான் போக வேண்டும்.

ஸ்டிக்கர்ப் பசைக்குத் தின்னரை எடுப்பதை நிறுத்திவிட்டோம். மருந்துக்கடையில் வாங்கும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து, மேலே பொலித்தீன் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் கார்ட்டின் ஓரத்தால் தள்ளுகிறோம். அதையும் மறைவிடத்தில் தொட்டுப் பார்த்த பிறகுதான். நேரம் எடுக்கும். அந்த நேரத்தை முதலே சொந்தக்காரரிடம் சொல்லிவிடுகிறோம். இரண்டு நாள் என்று நான் வாய் விட்டுச் சொன்னதுதான் அன்று என்னைத் தின்னரிடம் கொண்டுபோனது என்று இப்போது நினைக்கிறேன். வெல்டிங் நடக்கும் பக்கத்தில் இந்தத் துணிகள் எதையும் திறந்து வைப்பதில்லை, மூடியுள்ள தகர வாளிக்குள் போகும்.

பக்கத்தில் கார் சோடிக்கும் இரண்டு பேரிடமும் பேசினேன். பஞ்சு ரேப்பைப் பெயின்ற்றில் ஒட்டாமல், பூக்களை முன் கிரிலிலும் கதவுக் கைபிடிகளிலும் ரிபனால் கட்டச் சொன்னேன். எழுத்துகளைக் கண்ணாடியில் ஒட்டலாம். ஒருவர் உடனே ஒத்துக்கொண்டார். மற்றவர் பொனட்டில் பூ இல்லாவிட்டால் சனம் குறை சொல்லும் என்றார். அவரிடம், ஒட்டினால் அன்றைக்கே, கார் சூடாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கோ என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வைகாசியில் ரீச்சர் வீட்டில் இன்னொரு கல்யாணம் நடந்தது. அதே காரைத்தான் சோடித்தார்கள். எழுத்துகளைப் பின் கண்ணாடியில் மட்டும் ஒட்டியிருந்தார்கள். அன்று இரவே பெறாமகன் சுடுதண்ணீர்த் துணி போட்டு அதை எடுத்தான் என்று ரீச்சர் சொன்னார்.